மஞ்சள் நனைத்த துணி

உன் தங்கை மகள் நேற்று வந்திருந்தாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் கிடந்ததாம், ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இது என்னன்னு தெரியலீங்க பெரியம்மா. ஏரோப்ளேன் ஓட்டுன வரைக்கும் சீட்டுக்குப் பின்னாலயே வெச்சிருந்தாங்களாம். தூக்கிப்போட மனசு வரலை" என்றாள். பிரித்தேன். பாச்சை உருண்டை வாசம். வெளுத்துப்போயிருந்தது, ஆனால் மடிப்புகளுக்குள் மட்டும் இன்னும் மஞ்சள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சடையைப் பெஞ்சில் கட்டிவிட்டவள் நீ. அம்மா இல்லாத பெண் என்று எல்லாரும் உன்னைப் பாவம் பார்க்க, நீ யாருக்கும் பாவப்பட இடம் கொடுத்ததில்லை. நான் கல்யாணமாகி அவிநாசிப் பக்கம் பண்ணையம் செய்யும் குடும்பத்துக்குப் போனேன். நீ விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாய். உன் அப்பா உன்னோடு பேசுவதையே நிறுத்தினார்.

அறுபதுகளில் ஒரு நாள் கோவையிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாய். அந்த வருடம் பருத்தியில் புழு. விமானத்திலிருந்து மருந்தடிக்கும் கம்பெனி ஒன்று உன்னைச் சோதித்துப் பார்க்க எடுத்திருந்தது. விமானம் இறங்கி ஏற ஒரு காடு வேண்டும், பயிர் இல்லாத வெறும் நிலமாக. ஊருக்குள் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள் என்றாய். "இங்க எறங்காம நான் திரும்பிப் போனா அவ்வளவுதான் அம்மணி. இனி எந்தப் பொம்பளைக்கும் இந்த வேலையைக் குடுக்க மாட்டாங்க." நீ கெஞ்சி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

என் மாமனாரிடம் நான் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து வாங்கிய சம்மதம் அது. சோளம் அறுத்த காட்டில் கல் பொறுக்கி, மேடு தட்டிக் கொடுத்தார். "காட்டைக் குடுத்தாச்சு. பொம்பளை ஓட்டற ஏரோப்ளேனை முன்னால போய் நின்னு வேற பாக்கோணுமா?" என்று முறைத்தார். நீ தலையாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று சொல்லிப்போனாய்: காட்டின் தலைமாட்டில் வெள்ளைத் துணியை நீளமாக ஒன்று, குறுக்கே ஒன்று போட்டு வைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அறுத்த காடெல்லாம் ஒரே மாதிரி. அடுத்த காட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

புதுத் துணி வாங்கி வைத்தேன். காலையில் பார்த்தால் என் மாமியார் அதை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்திருந்தார். "தாயில்லாப் புள்ளை, மொதமொத நம்ம காட்டுல எறங்குது. கோடித் துணியை வெள்ளையா விரிக்கறதுக்கு அது என்ன எழவு ஊடா?" என்றார். அது சரியாகத்தான் பட்டது எங்களுக்கு. அந்த மங்கலத்தோடே கொண்டுபோய் விரித்தோம்.

நீ வந்தாய். சுற்றினாய். தாழ வந்து, மறுபடி மேலே ஏறினாய். ஊரே வரப்பில் நின்று கை தட்டியது, உன் வித்தை என்று நினைத்து. கிணற்றுக் காட்டின் மேல் நீ விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியபோதுதான் எனக்கு உறைத்தது. காய்ந்த சோளத்தட்டையும் மஞ்சள், துணியும் மஞ்சள். "மாமா, அவளுக்குத் துணி தெரியலீங்க! வெள்ளை வேணுமுங்க!" என்று கத்தினேன்.

வேப்பமரத்தடியில் வேண்டா வெறுப்பாக உட்கார்ந்திருந்த மாமனார், கோயிலில் தவிர எங்கும் தோளைவிட்டு இறக்காத துண்டை உருவிக்கொண்டு ஓடினார். "எல்லாரும் துண்டை எடுத்துப் போடுங்கப்பா! தலையில கட்டுன உருமாலையும் அவுருங்க!" மண்ணில் மண்டியிட்டு, தன் துண்டைத் தானே நீவி விரித்தார். ஆண்கள் அத்தனை பேர் துண்டும் வரிசையாக விழுந்தது. நீ ஒரு வட்டம் அடித்து, நேராக வந்து, புழுதி கிளப்பி இறங்கினாய்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் ஆலாத்தித் தட்டோடு நின்று அழுதார். "உன்னைக் கொல்லப் பாத்துப்போட்டேனே கண்ணு." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. "ஏனுங்கத்தை, நான் வண்டி ஏறுறப்ப நல்லாப் போய்ட்டு வான்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க. அந்தத் துணியை எனக்குக் குடுத்துப்போடுங்க" என்றாய். அதைத்தான் கடைசிவரை உன் இருக்கைக்குப் பின்னால் வைத்துப் பறந்தாய் என்று நேற்றுதான் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா, கள்ளி!

மாமனார் கதை உனக்குத் தெரியும். பருத்தி தப்பித்தது, உனக்கு வேலையும் நிலைத்தது. அவிநாசித் தேருக்கு வந்தவர்களிடமெல்லாம் விமானம் தன் துண்டின் மேலேயே இறங்கியதாக அளந்தார். நீ ஒரு முறைகூட மறுக்கவில்லை.

இப்போது நான் மகனோடு பீளமேட்டில் இருக்கிறேன். எங்கள் மொட்டை மாடிக்கு நேர் மேலேதான் விமானங்கள் இறங்குகின்றன. ஓட்டுவது பெண்ணா ஆணா என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன், கழுத்து வலிக்கிறது என்று மருமகள் திட்டுகிறாள்.

இன்று காலை உன் துணியை அலசினேன். மஞ்சள் போய்விடக் கூடாதே என்று ஒரு கிழங்கை உரைத்து, மறுபடி முக்கி, மாடியில் விரித்தேன். கீழே இறங்க மனம் வரவில்லை. மேலிருந்து உனக்கு மஞ்சள் தெரியாதே. மாமனாரின் பழைய வெள்ளைத் துண்டு ஒன்று என் பீரோவில் இருந்தது. அதையும் எடுத்து வந்து, குறுக்கே போட்டுவிட்டு வந்தேன்.