கமலாட்சியக்கா பேசிய பகுதி

மிங்கலா தாங்ஞுன்ட்,
யாங்கூன்.

அன்புத் தம்பி ரிஹானுக்கு ராத்தா மைமூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் நலம். மழை தொடங்கியதிலிருந்து உம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. பாங்காக்கில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன்.

மற்றவை போனில் பேசக்கூடியவை அல்ல. அதனால்தான் எழுதி, அந்தப் பக்கம் வருகிற தேவராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் படத்தைப் பார்த்தேன். தையல் கடையில் ஒரு பெண் விபிஎன் போட்டுத் தன் போனில் காட்டினாள். "உங்க தம்பி எடுத்ததாமே, வெளிநாட்டு சேனல்ல வருது" என்றாள். திரை முழுக்கக் கமலாட்சியக்காவின் முகம் வந்தது. கடைசி வரை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

நம் சின்ன டிவி நிலையத்தை எதற்காகத் தொடங்கினோம் ரிஹான்? பெரிய டிவியில நம்ம மாதிரி ஆளுங்க எப்பவும் பின்னால நடந்து போறவங்கதான், ஒரு தடவை முன்னால உக்காந்து பேசட்டும் என்று நீதான் சொன்னாய். வாப்பாவின் பழைய துணிக் கிடங்கைச் சுத்தம் செய்து, யாரும் வந்து கேமரா கற்கலாம், தன் தெருவைப் பற்றித் தானே படம் எடுக்கலாம் என்று பலகை மாட்டினோம். வாரத்தில் ஒரு மணி நேரம் கேபிள்காரர் கொடுத்தார். ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அவர் பயந்து நிறுத்திய பிறகும், ஞாயிறுதோறும் நம் அறையிலேயே போட்டுக் காட்டினோம். நமக்கு இருந்தது ஒரே சட்டம். நீ சொன்ன சட்டம். பேசியவரைக் கேட்காமல் எதுவும் அறைக்கு வெளியே போகாது.

அதை நம்பித்தான் கமலாட்சியக்கா வந்தார். டாலா படகுத்துறையில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவர், கோடையில் குளம் வற்றிப் பெண்கள் குடத்தோடு நிற்பதைத் தானே எடுத்து, தானே பேசி முடித்த அன்று அறையே கைதட்டியது. பிறகு ஒரு நாள், மகன் தமிழ்மணியைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போனதைப் பேசினார். "சமயம் கெடைச்சா ஓடியாந்துருடான்னு அவங்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றவர், சொன்ன பிறகு பயந்துபோய், இது வெளியில போவுமா என்று கேட்டார். நீ அவர் கையைப் பிடித்து, "நம்ம ரூமுக்குள்ளதான்க்கா" என்றாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

நீ பாங்காக் போகும்போது கொண்டுபோன அந்தப் பேச்சு அப்படியே படத்தில் வருகிறது. மகன் பெயரும் வருகிறது. முடிவில் நம் நிலையத்தின் பெயரைப் போட்டு நன்றி வேறு.

படம் வந்த மறுவாரமே வார்டு ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். அதற்குள் கேமராக்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டோம். பலகையை நானே கழற்றினேன். இத்தனை வருடம் எல்லோருக்கும் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்த தேவராஜைத் தேடி வீடு வரை போயிருக்கிறார்கள். அவர் ஏன் அங்கே வருகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். நீ கேட்டால் அவர் இதைச் சொல்லமாட்டார்.

நான் டாலாவுக்குப் போனேன். அக்கா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எங்கே போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவ்வப்போது ஒளிந்து போனில் பேசிக்கொண்டிருந்த மகனிடமிருந்து, படம் வந்த பிறகு ஒரு போனும் இல்லையாம். அவர் உன்னைத் திட்டவில்லை. "மைமூன், தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தா மூஞ்சிய மூடிக்கிட்டு, எம்புள்ள பேரை விட்டுட்டு, நானே திரும்பச் சொல்லியிருப்பேனே. கேக்கறதுக்கு என்ன?" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஏன் காட்டினாய் என்று மட்டும் போனில் கேட்டதற்கு, முகம் இல்லாட்டி உலகம் நம்பாது ராத்தா என்றாய். உலகம் நம்பியதா என்று எனக்குத் தெரியாது. நம்மை நம்பியவர் டாலாவை விட்டுப் போய்விட்டார்.

எம்மவன் பேரு வெளிநாட்டுல வருதாம் என்று உம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பகுதியை எடுத்துவிடு. எல்லோரும் பார்த்தாயிற்று, இனி எடுத்து என்ன என்று சொல்லாதே. அந்தப் பையன் இருக்கிற முகாமில் இன்னும் பார்க்காத ஓர் அதிகாரி இருக்கலாம்.

தொழுதுவிட்டு துஆக் கேட்கும்போது தமிழ்மணியின் பெயரை முதலில் சொல்கிறேன். உன் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. வராமல் இல்லை. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக.

உன் ராத்தா,
மைமூன்