நாற்பத்தேழாம் நம்பர் ஆணி

புக்கிட் பெலிம்பிங்,
கோலசிலாங்கூர்.
14.9.1986

அன்பு மகள் அம்சவள்ளிக்கு, ஏழு கடல்களுக்கும் எட்டாவதாக நம் ஈயக் குட்டைக்கும் ஏகபோக அதிபதியான உன் சித்தப்பா சிவானந்தம் ஆசி கூறி எழுதுவது. முருகன் தயவில் நான், உன் சித்தி இராஜம்மா, கோழிகள், எல்லாரும் சுகம். அங்கே நீயும், உன்னிடம் ஊசி போட்டுக்கொள்ளும் ஸ்காட்லாந்து ஜனங்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழைதான். பின்கட்டில் மீன் பிடிக்கிறேன். கொசுக்கள் நல்ல வளர்ச்சி, போன வாரம் ஒன்று பக்கத்து வீட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு சபாக் வரைக்கும் போய், கனம் தாங்காமல் இறக்கிவிட்டதாகக் கேள்வி. முக்கியமான செய்தி, உன் அம்மா கம்பெனி வீட்டைக் காலி செய்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார். எப்படி வந்தார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கொசுவோடு நான் அளப்பதை நிறுத்திக்கொள்கிறேன், மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தது.

முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நீ எழுதும் தொடர்கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குட்டையில் ஈயம் வாரும் கப்பலை விட்டுப் போன வெள்ளைக்கார இன்ஜினியர் ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்களைப் போட்டுவிட்டுப் போனார் அல்லவா, கறையான் தின்றது போக மிச்சத்தை அகராதியும் கையுமாகப் படித்துத் தீர்த்தேன். பாதிக்கு மேல் வானத்துச் சிறுகோள்களில் இரும்பு தோண்டுகிறவன் கதைதான். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், தோண்டுகிறவன் மட்டும் ஒரே ஆள். தாடி வைத்திருப்பான், குளிக்கமாட்டான், ஓட்டைக் கப்பல் ஒன்று வைத்திருப்பான், கூட்டாளியை நம்பமாட்டான், காற்றுக் குழாய் எந்நேரமும் அறுந்துவிடும் போல இருக்கும், கம்பெனி மட்டும் பத்திரமாகப் பூமியில் உட்கார்ந்திருக்கும். அவனுக்குப் பெண்டாட்டி கிடையாது. கடைசிப் பக்கத்தில் அவனை அந்தக் கல்லோடு தனியாக விட்டுவிட்டு எழுதியவர் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். அடுத்த புத்தகத்தைத் திறந்தால் அதே ஆள், பெயர் மட்டும் வேறு, மறுபடியும் தோண்டிக்கொண்டிருப்பான். நடுவில் ஒருமுறைகூட வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு ஏனோ சிரிப்பு வரவில்லை. உன் கதையில் சிறுகோள் தோண்டுகிற ஆள் அப்படியில்லை. நெற்றியில் திருநீறு, கண்ணாடிக் கவசத்துக்குள்ளேயே வெற்றிலை, கீழே பூமியில் மிளகாய்ச் சம்பல் அரைத்து வைத்துக் காத்திருக்கும் மனைவி. பெயரும் பாலன். அது பாலகிருஷ்ணன், உன் அப்பா, என் அண்ணன் என்று நம் கோழிக்குக்கூடத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஞாயிறும் பத்திரிகை வந்ததும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் படிக்க உட்காருகிறார்.

ஈயம் வாரும் கப்பலில் வேலைக்கு ஏறும் முறை உனக்குத் தெரியும், நீ சிறுமியாக வந்து பார்த்ததுதான். கரையில் ஷெட்டுக்குள் பலகை, பலகையில் ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை. ஏறுகிறவன் தன் நம்பர் வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், இறங்கினால் திரும்ப மாட்ட வேண்டும். ஒருவன் வில்லையை இன்னொருவன் தொடக்கூடாது. ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கப்பலில் இருக்கிறான் என்று அர்த்தம். நீ நாலாம் பாரம் படித்த வருஷம் அந்த மழையில் அண்ணன் நாற்பத்தேழை எடுத்துக்கொண்டு ஏறினார், இறங்கவில்லை. குட்டையில் வலை போட்டு அரித்தும் ஆள் கிடைக்கவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி புது வில்லை அடித்து வேறு ஆளுக்குக் கொடுக்கப் பார்த்தபோது உன் அம்மா பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டது உனக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து அந்த ஆணி காலி. காரியம் செய்யவில்லை, பொட்டை அழிக்கவில்லை. இப்போது ஈய விலை விழுந்து கம்பெனியை மூடிவிட்டார்கள், கப்பலை வெட்டி இரும்புக்கு விற்கிறார்கள், வீடுகளை இந்த மாதத்துக்குள் இடிக்கப் போகிறார்கள் என்று ஆள் அனுப்பினார்கள். எல்லாரும் சாமான் கட்டினார்கள். உன் அம்மா மட்டும் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டதற்கு, "ஷிப்ட் முடிஞ்சு வர்றவரு வீடு பூட்டிக் கெடந்தா என்னா நெனைப்பாரு தம்பி? நீங்க போங்க லா" என்றார். கதையிலும் பாலன் வரப்போகிறான், மகளே எழுதியிருக்கிறாள், அப்புறம் என்ன என்று என்னையே மடக்கினார். டிராக்டர் வந்து சுவரைத் தள்ளும்போதும் இவர் உள்ளேதான் இருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது நான் சொல்வதை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படி. கப்பலின் வாளிச் சங்கிலியைக் கழற்றும்போது ஒரு வாளியில் களிமண் காய்ந்து கல்லாகக் கிடந்தது. வெல்டர் சேது சுத்தியலால் ஒரு போடு போட்டான், கல் இரண்டாகப் பிளந்தது. நடுவில் வில்லை. நேற்றுத் துலக்கியது போல மஞ்சளாக மின்னியது. நாற்பத்தேழு. சேது சுத்தியலைக் கீழே போட்டுவிட்டான். அவனும் உன் கதை படிக்கிறவன். போன மாதம் வந்த அத்தியாயத்தில் பாலனின் கூட்டாளி சிறுகோளை உடைக்க, உள்ளே பித்தளை வில்லை இருந்தது என்று நீ எழுதியிருந்தாய். "அண்ணே, அந்தப் புள்ளைக்கு யாரு சொன்னா?" என்று என்னிடம் கேட்டான். உனக்கு யார் சொன்னது அம்சா? எனக்கு மறக்காமல் எழுது.

வில்லையை யாரும் தொடவில்லை, காவலுக்கு நிற்கும் ஜாகா ஓடிப்போய் உன் அம்மாவை அழைத்து வந்தார். நான் அழுகையை எதிர்பார்த்தேன். அவர் அதை முந்தானையில் துடைத்து, ஷெட்டுக்குப் போய், தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். பிறகு குட்டைப் பக்கம் திரும்பி, கம்பெனி வீட்டுக் கூடத்திலிருந்து உன் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவாரே அதே குரலில், "வேலை முடிஞ்சிருச்சுங்க. எறங்கி வாங்க. வீட்டை இடிக்கிறாங்க, தம்பி வூட்டுக்குப் போறோம், புக்கிட் பெலிம்பிங்கு" என்றார். சாயங்கால வெயில் நன்றாக இருந்தது, மழை இல்லை, காற்று இல்லை. வாளி எல்லாம் கழற்றிப்போட்ட அந்தக் கப்பல் ஒருமுறை பெரிதாக முனகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, பெரிய ஆள் ஒருவர் விளிம்பில் கால் வைத்துக் கரைக்கு இறங்கினால் படகு ஆடுமே அப்படி. சேது பார்த்தான், ஜாகா பார்த்தார், நான் பார்த்தேன். அன்றே சாமானை லோரியில் ஏற்றினோம். உன் அம்மா முன் சீட்டில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்காரப் போனேன், சீட்டு சொட்டச் சொட்ட ஈரம். பின்னால் அலமாரியோடு அலமாரியாக நின்றுகொண்டு வந்தேன்.

நம் வீட்டில் இப்போது ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறோம். குளியலறைத் தரையில் தினமும் சாம்பல் நிறக் களிமண் கொஞ்சம் கிடக்கிறது, இராஜம்மா கழுவிவிடுகிறாள். பயப்படாதே, பயமாக இல்லை. உன் அம்மா சதை போட்டிருக்கிறார், சிரிக்கிறார், போன வாரம் கடைத்தெருவுக்குப் போய் ஆண்கள் சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கி வந்து வாசலில் உள்ளே பார்த்தபடி வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இன்று காலைப் பத்திரிகை வரும் வரை. பாலன் வீட்டு வாசலை அடைகிறான், அப்போது கம்பெனி ரேடியோவில் அவன் பெயரைச் சொல்லி அடுத்த சிறுகோளுக்குக் கூப்பிடுகிறது, தொடரும் என்று போட்டிருக்கிறாய். ஏன் அம்மா அப்படிச் செய்தாய்? அந்தப் பெட்டியிலுள்ள புத்தகக்காரர்கள் அத்தனை பேரும் செய்ததைத்தானே நீயும் செய்கிறாய். அவர்களுக்கு அவன் யாரோ, உனக்குமா? உன் அம்மா படித்துவிட்டு எழுந்துபோய்த் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். எங்கே என்று கேட்டேன், "இந்தத் தடவை தனியா அனுப்ப மாட்டேன் தம்பி" என்கிறார். மிச்ச அத்தியாயங்களை முன்பே அனுப்பியிருந்தால் பத்திரிகைக்கு உடனே தந்தி அடித்து நிறுத்து. அவன் அந்த ரேடியோவை அணைக்கட்டும். வாசற்படி ஏறட்டும். உட்கார்ந்து சாப்பிடட்டும். முற்றும் என்று போடு. உன் சித்தப்பா வாழ்நாளில் யாரையும் இப்படிக் கெஞ்சியதில்லை.

குளிருக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, ராத்திரி டியூட்டி முடிந்ததும் வயிற்றைக் காயப்போடாதே, ஊறுகாய் அடுத்த பார்சலில் வரும். ஆயுளும் ஆரோக்கியமும் நல்ல மாப்பிள்ளையும் அந்தக் கந்தன் உனக்குத் தரட்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் புறப்பட்டு வாசலுக்கு வந்தவன், நின்று இதையும் சேர்த்து எழுதுகிறேன். சிலிப்பர் இரண்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. உள்ளே பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போகிறேன். சீக்கிரம் எழுது அம்மா.

உன் வரவையும் வரியையும் பார்த்திருக்கும்,
சித்தப்பா சிவானந்தம்