விருந்தாளிக்குப் புதிய கோப்பை

2024 ஓகஸ்ட் 3, சனி

அடுத்த ஞாயிறு நிமலனின் தாயும் தகப்பனும் வீட்டுக்கு வருகிறார்கள். பால் முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான், மீன் கழுவிக்கொண்டே கேசினி இதைச் சொன்னாள்.

"சாப்பாடு ஒண்டும் வேண்டாம் அப்பா. சும்மா தேத்தண்ணிதான். பயப்பிடாதேங்கோ."

பயப்படாமல் எப்படி? மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள். நிமலன் பசறையில் கணித ஆசிரியன். பெற்றோர் நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவனை எனக்கும் பிடித்திருக்கிறது. நான் தயங்கித் தயங்கிப் பேசி முடிக்கும்வரை காத்திருப்பான். ஆனால் ஆட்களை உபசரிப்பது என் மனைவி ஞானேஸ்வரியின் வேலையாக இருந்தது. அவள் இறந்துபோன பிறகு, இந்த ஆறு வருடங்களில், இந்த வீட்டில் யாருக்கும் முறையாக ஒரு தேநீர் கொடுத்ததில்லை. வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவனுக்கு விருந்து வைக்கத் தெரியுமா?

ஓகஸ்ட் 6, செவ்வாய்

பண்டாரவளைக் கடைத்தெருவில் ஷஹீலாவின் கடை. முன்பு பிளாஸ்டிக் வாளி விற்ற இடம். இப்போது மஞ்சள் விளக்கும் கண்ணாடிக் கதவுமாக இருக்கிறது. வாசலில் இரண்டு முறை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எங்கள் வீட்டில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இருப்பதாகச் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"அதெல்லாம் பழைய மாடல் அங்கிள். இதப் பாருங்க. கொழும்புல கஃபேக்கெல்லாம் போனா இதுலதான் குடுக்கிறாங்க."

வெள்ளை எனாமல் கோப்பை, விளிம்பில் நீலக் கோடு. கையில் பாரமே இல்லை. எளிமையாக, அழகாக இருந்தது. கடையில் மிச்சம் இருந்த நான்கையும் வாங்கினேன். சாம்பல் நிறத்தில் ஒரு மேசை விரிப்பும். பூச்சாடி கேட்டேன். "பூ வேணாம். ஒரு போத்தல்ல ரோட்டோரத்துப் பன்னம் இலை ரெண்டு புடுங்கி வைங்க, அதுதான் இப்ப ஸ்டைல்" என்றாள்.

ஓகஸ்ட் 10, சனி

மேசையைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி வரைந்து, யார் எங்கே, எந்தத் தட்டு எங்கே என்று குறித்தேன். கேசினி எட்டிப் பார்த்து, "காணி பிரிக்கிறியளோ?" என்று சிரித்தாள். பிறகு என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள். நாளை எதுவும் பிழையாகப் போகக் கூடாது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

நல்லபடியாக நடந்தது. நடந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நிமலன் பெற்றோரை அழைத்து வந்தான். தகப்பன் கந்தப்பன் உயரமானவர், அதிகம் பேசாதவர். தாய் இராக்கம்மா அவருக்கும் சேர்த்துப் பேசினார். மேசையைப் பார்த்ததும் "என்னங்கையா, பன்னத்தையெல்லாம் போத்தல்ல போட்டு வளக்குறீங்க!" என்றார். எல்லாரும் சிரித்தோம். கேசினி அடுப்படியில் பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். தேநீரை நானே ஊற்றிக் கொடுத்தேன். புதிய கோப்பைகள் வந்த மூவருக்கும். எனக்கும் கேசினிக்கும் வழக்கமான பீங்கான். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

கந்தப்பன் குடித்து முடித்ததும் எழுந்து, பின்பக்கக் குழாயில் தன் கோப்பையைத் தானே கழுவி, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார். வேண்டாம் என்று பின்னாலேயே ஓடினேன். "பரவால்லங்கையா, பழக்கந்தான்" என்றார். எவ்வளவு பண்பான மனிதர்! கேசினிக்கு நல்ல மாமனார் கிடைத்திருக்கிறார்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

கேசினி வேலை முடிந்து வந்து, பையைக்கூட வைக்காமல் நின்றாள். "அப்பா, அவையளுக்கு மட்டும் ஏன் அந்தக் கோப்பை?"

புதியது என்பதால், என்றேன். விருந்தாளிக்குத்தானே புதியது?

அப்போதுதான் சொன்னாள். நிமலன் சொன்னதாம். கந்தப்பன் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போடுவாராம். கிளாக்கர் நம்மைப் போல வடக்கிலிருந்து வந்த ஆள். பின்வாசல் ஆணியில் ஒரு எனாமல் கோப்பை தொங்குமாம், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கென்று. அதில் குடித்து, தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டார் பீங்கானில் குடிப்பார்கள்.

நான் பண்பு என்று எழுதி வைத்தேனே! நான் பீங்கானில் குடித்துக்கொண்டு, அவர் கழுவுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டு — ஐயோ.

வீட்டுக்குப் போய் அவர் சொன்னது இதுதானாம்: "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா அந்த வீட்டுப் பின்வாசல்ல எம்புள்ள நிக்க வேணாம்."

கேசினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓகஸ்ட் 14, புதன்

இன்று அந்தக் கோப்பையில் நானே குடித்துப் பார்த்தேன். உதடு சுட்டது.

ஓகஸ்ட் 17, சனி

கேசினியிடம் சொல்லாமல் எல்ல ஊர் வழியாகப் போகும் பசறை பஸ்ஸில் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒழுங்கான வசனங்கள். நமுனுகுலவில் இறங்கியபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

கந்தப்பன் வீட்டருகே போஞ்சிக் கொடிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். கையில் இருந்த கயிற்றை விடவில்லை.

"அந்தக் கோப்பை வடிவா இருக்கெண்டுதான் வாங்கினனான். இப்ப அதுதான் ஸ்டைல் எண்டு கடைப்பிள்ளை சொன்னா" என்றேன்.

உள்ளேயிருந்து இராக்கம்மா தலையை நீட்டினார். "காசு குடுத்தா வாங்குனீங்க? அட கடவுளே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க அடுப்புக்கு மேல அட்டாலைல கெடக்குற பழைய கோப்பைய நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே!" வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், அப்படியொரு சிரிப்பு.

கந்தப்பன் சிரிக்கவில்லை. "அவ்வளவு ஸ்டைலுன்னா நீங்க ஏன் அதுல குடிக்கல?"

"நாலுதான் இருந்தது. புதுசு வாற ஆக்களுக்கு எண்டு நினைச்சன். உங்கட பக்கம் அப்பிடி ஒண்டு நடந்தது எனக்குத் தெரியாது."

"தெரியாம இருக்கிறதும் ஒரு வசதிதாங்கையா."

ஆம் என்றேன். இத்தனை வருடம் ஊவாவின் தோட்டங்களையெல்லாம் தாளில் வரைந்தேன். லயங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டேன். கட்டத்துக்குள் இருப்பவர் எதில் தேநீர் குடித்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகு கேட்கத் துணிந்தேன். என் பிழைக்குப் பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம் என்று. அவர் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "மொதல்ல சாப்புடுங்க" என்றார்.

ரொட்டியும் கட்டைச் சம்பலும். உறைப்பில் கண்ணீர் வந்தது, நல்லதாகப் போயிற்று. அவரே சாலைவரை வந்து கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினார். "பாத்துப் போங்க." அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம்?

ஓகஸ்ட் 22, வியாழன்

ஒரு செய்தியும் இல்லை. கேசினி சாப்பாட்டில் உப்புப் போட மறக்கிறாள். நான் போய் இன்னும் கெடுத்துவிட்டேனா?

ஓகஸ்ட் 26, திங்கள்

போய் வந்ததைக் கேசினியிடம் சொன்னேன். "நீங்களா? தனியாவா? பஸ்ஸிலயா?" என்று மூன்று தரம் கேட்டாள். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் கந்தப்பன், தலையில் பொலித்தீன் பையோடு, நனைந்துபோய். "சந்தைக்கு வந்தேன். மழை புடிச்சிருச்சு."

வீடு இருந்த கோலம்! கதிரைகளில் காயாத துணி. மேசை முழுக்கப் பழைய தாள். வீட்டில் கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டைத் தவிர ஒன்றுமில்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுப்படிக்குப் போய்த் தேயிலைப் பேணியைத் திறந்து முகர்ந்துவிட்டார்.

"இதையா குடிக்கிறீங்க சம்பந்தி? கூட்டித் தள்ளுற தூசிங்க இது! முப்பது வருசம் தேயில பெக்டரியில நின்னவன் வீட்டுல சம்பந்தம் பண்ணிக்கிட்டு வெளிய சொல்லிறாதீங்க, மானம் போயிரும். நாளைக்கே நிமலன்கிட்ட நல்ல தூளு குடுத்து அனுப்புறேன்."

சம்பந்தி என்றார். பேச்சோடு பேச்சாக. நான் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தை மாதத்தில் நாள் பார்க்கலாமாம். எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று இராக்கம்மா இப்போதே சண்டை பிடிக்கிறாராம். பேசிக்கொண்டே இருந்தவர் துணியை ஒதுக்கிவிட்டுச் சாய்வுக் கதிரையில் காலை நீட்டினார். அப்படியே தூங்கிப்போனார். நல்ல குறட்டை.

விருந்தாளி தூங்கிவிட்டால் வீட்டுக்காரன் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. சாரல் அவர் பக்கம் அடித்தது. சத்தம் வராமல் சன்னலைச் சாத்திவிட்டு, அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.