துவரம்பருப்பு வைத்த பக்கங்கள்

நவம்பர் 7, 1971. ஞாயிறு. பிராங்பேர்ட்.

வெயில் மாதிரி ஏதோ வந்து போனது. பால்கனியில் காயப்போட்ட என் வேட்டி பலகையாக விறைத்துவிட்டது. மடிக்க வரவில்லை. சுவரில் சாய்த்து வைத்தேன். மருமகள் வத்சலா பார்த்துவிட்டு, "மாமா, வேட்டி தனியா நிக்குது பாருங்க, நீங்க உக்காருங்க" என்று சிரித்தாள்.

இந்த நாலு வரி எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. ஆறட்டும். அறுபத்தெட்டு வயது வரைக்கும் செங்கல்லைத்தான் வரிசையாக வைத்திருக்கிறேன், எழுத்தை வைத்ததில்லை. போன குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியில் வத்சலா விரலால் 'அ' போட்டாள். அதன் மேலேயே நானும் போட்டேன். அங்கிருந்து தொடங்கியது. இப்போது ஊரிலிருந்து வரும் அப்பளக் கட்டைச் சுற்றிய பழைய பத்திரிகைத் தாளைக்கூட நான் விடுவதில்லை. பாதியில் கிழிந்துபோன கதைகள்தான் அதிகம். மீதியை நானே நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 10

வத்சலா பல்கலைக்கழகத்தில் என்னதான் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய ஆரம்ப காலத்தில் புத்தகம் எழுதியவர்கள், படிப்பவர்களை எப்படிப் பிடித்து உட்கார வைத்தார்கள் என்பது. படித்தவர்கள் விவசாயிகள், தச்சர்கள், வீட்டுப் பெண்கள். பாதிப் பேர் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றவர்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் எழுந்து போய்விடக் கூடாதே என்றுதான் அந்த எழுத்து அப்படி அமைந்தது என்கிறாள்.

"புதுசாப் படிக்கக் கத்துக்கிட்ட பெரியவர் யாரையாவது நீ பாத்திருக்கியான்னு புரொபசர் கேட்டார் மாமா. எங்க வீட்லயே ஒருத்தர் இருக்காருன்னு சொல்லிட்டேன்."

ஆகவே எனக்கு வேலை கிடைத்துவிட்டது! அவள் அந்தப் பழைய எழுத்துகளைத் தமிழாக்கிப் பெரிய எழுத்தில் எழுதித் தருவாள். நான் படிக்க வேண்டும். எங்கே நிறுத்துகிறேனோ அங்கே அடையாளம் வைக்க வேண்டும். அலுத்து நிறுத்தினாலும் சரி, மேலே போக முடியாமல் நிறுத்தினாலும் சரி. ஏன் என்று பிறகு கேட்பாள். பென்சில் கொடுத்தாள். எழுதின தாளில் கிறுக்க எனக்கு மனசு வரவில்லை. சமையலறையிலிருந்து துவரம்பருப்பு எடுத்து வந்தேன். ஒரு பக்கம் தட்டை, உருளாது.

என் பிள்ளை ரவிச்சந்திரன் லேபிலிருந்து வந்ததும் பார்த்தான். "என்னப்பா இது, ஊர்ல இருந்து பார்சல்ல வர்ற பருப்பு. சாம்பாருக்கே யோசிச்சு யோசிச்சுப் போடறோம்."

"திரும்ப டப்பாவுல போட்டுடறேன், போதுமா?" என்றாள் வத்சலா. "நாளைக்கு உங்க சாம்பார்ல அமெரிக்க இலக்கியம்."

நவம்பர் 19

ஒரு பாதிரியாரின் பிரசங்கம். நரகம் சுடும் என்று மிரட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, உன் வீட்டு விட்டத்தில் ஒரு விரிசல் ஓடியிருக்கிறது, நீ தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாய் என்கிறார். படித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். காங்கிரீட். விரிசல் இல்லை. இருந்தாலும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வத்சலா கை தட்டினாள். "தள்ளிப் போட்டீங்களா! எந்த வரியில மாமா?"

மாதாகோயில் நிறைய ஆள் இருந்திருக்கும். ஆனால் 'நீங்கள் எல்லோரும்' என்று அவர் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. 'நீ', 'நீ' என்றே போகிறார். எந்தக் காலத்து மனுஷர்! வேறு மதத்துக்காரன், வேறு பாஷைக்காரன், நானும் அந்த 'நீ'யில் மாட்டிக்கொண்டேன். ஒரு பருப்புகூட வைக்கவில்லை.

நவம்பர் 28. ஞாயிறு.

ரவிக்கு மெட்ராஸில் வேலை கிடைத்துவிட்டது. பெரிய ஆராய்ச்சிக்கூடம், நல்ல பதவி. மார்ச் முதல் தேதி சேர வேண்டும். சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் சந்தோஷப்பட்டேன். வத்சலாவும் பாயசம் வைத்தாள். பாயசம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

"என் தீசிஸ்?"

"அங்க போய் முடிச்சுக்கோ."

"அந்தப் புத்தகமெல்லாம் அங்க எங்க இருக்கு? அடுத்த இலையுதிர் காலம் வரைக்கும் எனக்கு ஸ்காலர்ஷிப் இருக்குங்க. முடிச்சிடுவேன்."

"அப்பாவை வெச்சுக்கிட்டு இங்க இன்னொரு குளிர்காலமா? அவர் இருமறது உனக்குக் கேக்கலையா?"

இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை. நடுவில் நான், கையில் காலிக் கிண்ணத்தோடு. எனக்கு ஒன்றுமில்லை என்றால் மகன் பேச்சைப் பொய்யாக்குகிறேன். ஆமாம், குளிர்தான் என்றால் மருமகள் படிப்பை மூடுகிறேன். காலிக் கிண்ணத்தைச் சுரண்டினேன். அப்போது பார்த்து இருமல் வந்தது.

டிசம்பர் 1

இருமக் கூடாது. ஒவ்வொரு இருமலும் ரவி பக்கம் ஒரு ஓட்டு.

டிசம்பர் 5

தேன், மிளகு, வெந்நீர். முடியாதபோது கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரை இழுத்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமுகிறேன். இன்று ரவி கேட்டான்: "வயிறு சரியில்லையாப்பா? அஞ்சாறு தடவை போயிட்டீங்க." குளிரோடு வயிறும் சேர்ந்துகொண்டது. நான் என்ன செய்தாலும் ஊர் டிக்கெட்டுக்குத்தான் போய் முடிகிறது.

டிசம்பர் 9

ரேடியோவில் நம் நாட்டுச் சண்டைச் செய்தி. எனக்குப் படிக்க ஓடவில்லை.

டிசம்பர் 20

இன்று படித்தது நன்றாயிருந்தது. வேறு வேறு ஆட்கள் எழுதிய முன்னுரைகள் மட்டும். எல்லோரும் ஒரே மாதிரி தொடங்குகிறார்கள். 'நான் படிக்காதவன், அலங்காரமாக எழுத வராது, நண்பர்கள் வற்புறுத்தியதால் துணிந்தேன், பிழை பொறுக்க' என்று. பாவம் என்று நினைத்தேன்.

"பாவமா? அது பெரிய தந்திரம் மாமா" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றவங்ககிட்ட நாம சண்டைக்குப் போவோமா? காதைத் திறந்து வெச்சுக்குவோம். அப்புறம் பாருங்க, சின்னச் சின்ன வார்த்தையில சொல்ல வேண்டியதை நேரா சொல்லிடுவாங்க."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகக் கட்டு ஒன்றை வாசல் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் அது உயர்கிறது. நான் அதைத் தாண்டித்தான் செருப்புப் போட வேண்டியிருக்கிறது.

ஏன் என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை? அவன் சோறு. அவன் வீடு. அவன் என் பிள்ளை. அவள்? எனக்கு எழுத்துக் கொடுத்தவள்.

ஜனவரி 3, 1972

ஒரு பெண்ணின் கதை. ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருந்தவள். பனிக்காலத்தில் தீ பிடித்து எல்லாம் போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறைந்த ஆற்றின் மேல் நடக்கிறாள். எதிர்க்கரையில் ஊர். அவளே எழுதியது. அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. என்ன சாப்பிட்டாள், எங்கே உட்கார்ந்தாள், இதுதான். ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு வரி: 'அந்தச் சின்னக் காலணிகளில் ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.' ஏன் ஒன்று? அதைச் சொல்லாமல் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறாள். மனசு அந்தக் காலணியிலேயே நிற்கிறது.

மொத்தம் எத்தனை பக்கம் என்று கேட்டேன். "எழுதிட்டே இருக்கேன் மாமா. கிளம்பறதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

ஜனவரி 9. ஞாயிறு.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததே பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சேதுராமன் சாப்பிட வருவான். மேல்மாடி அறையில் இருக்கும் பிள்ளை, இயந்திரம் படிக்கிறான். சாப்பாடானதும், "உரக்கப் படிக்கறேன், கேக்கறீங்களா?" என்றேன். "நடேசன் மாமாவோட கச்சேரியா? நான் முன்வரிசை" என்று சேதுராமன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ரவி சோபாவில் ஏதோ ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். காலணி. தீ. ஆறு. ஆற்றின் நடுவில் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. அங்கே தாளை மூடிவிட்டேன்.

"ஐயோ, அப்புறம்?" என்றான் சேதுராமன்.

"இன்னைக்கு இவ்வளவுதான்."

"என்ன மாமா, வாரப் பத்திரிகை மாதிரி தொடரும் போடறீங்க!"

ரவி ரிப்போர்ட்டின் ஒரே பக்கத்தில் வெகு நேரமாக இருந்தான். அதை நான் பார்த்தேன். கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் எழுந்தான். "நல்லாப் படிக்கறீங்கப்பா. ஒரு வருஷத்துல எவ்வளவு முன்னேற்றம்!" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

அவ்வளவுதான். தோளைத் தட்டிவிட்டான்.

ஜனவரி 13

ரவி மூன்று டிக்கெட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டான்.

வத்சலா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்கிறாள்.

ஜனவரி 19

மத்தியானம் வத்சலா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "மாமா, இந்த இடத்துல ஏன் நிறுத்தினீங்க?" என்றாள். பார்த்தேன். ஆற்றின் நடுவில், முதுகில் இருக்கும் குழந்தை வெகு நேரமாகச் சத்தம் போடவில்லை, ஆனால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை, நடக்கிறாள். அந்த வரியின் மேல் ஒரு துவரம்பருப்பு.

"நான் அங்க போகவே இல்லையேம்மா. அதுக்கு ரெண்டு பக்கம் முன்னாடிதான் இருக்கேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வீட்டில் இருப்பது மூன்று பேர்.

அவள் அதை டப்பாவில் போடவில்லை. இருந்த இடத்திலேயே விட்டுத் தாளை மூடினாள்.

ஜனவரி 23. ஞாயிறு.

சொல்லிட்டேன். மெதுவாக எழுதுகிறேன்.

ரசம் ஊற்றும்போது தொடங்கினேன். "ரவி, நான் படிக்காத ஆளு. உங்க ஆராய்ச்சி, உத்தியோகம் எதுவும் எனக்குத் தெரியாது. இதுல பேச எனக்கு யோக்கியதை இல்ல. கேட்டாக் கேளு, இல்லேன்னா விட்ரு."

வத்சலாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. இந்த முன்னுரை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்கப்பா."

"நீ சொன்னது சரிதான். குளிரு எனக்கு ஒத்துக்கல. என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடு."

அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. நான் நிறுத்திக்கொண்டு ஒரு வாய் ரசம் குடித்தேன். பிறகு சொன்னேன்.

"ஒத்துக்காதது எனக்குத்தானே? அவளுக்கு இல்லையே. அவ இருந்து முடிச்சிட்டு வரட்டும்."

சொல்லி முடித்ததும் இருமல் வந்தது. இத்தனை நாள் அடக்கினதெல்லாம் சேர்ந்து வந்தது. அடக்கவில்லை. கண்ணில் நீர் வர, நன்றாக, சத்தமாக இருமினேன். இருமல் இவ்வளவு சுகம் என்று தெரியாது.

ரவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஊர்ல உங்களை யார் பாத்துப்பாங்க?"

"நீதான்."

"எனக்கு ரசம்கூட வெக்கத் தெரியாதுப்பா."

"கத்துக்க. இந்த வயசுல நான் கத்துக்கல?"

அவன் சிரிக்கவில்லை. அவன் கோபப்படுகிறானா என்றும் தெரியவில்லை. தட்டில் ரசம் ஊறிச் சோறு கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் அவளைப் பார்க்காமலேயே கேட்டான்.

"அந்தக் குழந்தை பொழைச்சுதா?"

"எந்தக் குழந்தை?"

"ஒத்தை ஷூ."

"அதுக்கு மேல இன்னும் எழுதலையே" என்றாள்.

அவன் ரசக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "சரி. எழுது."

ஜனவரி 24

வாசல் கட்டு இரண்டு புத்தகம் குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 12

வத்சலாவுக்குப் பெண்கள் விடுதியில் அறை. போய்ப் பார்த்தோம். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். நல்ல சுவர். இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்குமா என்று என் கண் அளந்தது. இருக்காது. இருந்தாலும் அங்கே ஆண்களை விடமாட்டார்கள்.

நான் கேட்டதுதான் நடக்கிறது. ஆனால் நான் நினைத்ததைக் கேட்கவில்லை. எனக்கு இங்கேயே இருக்கணும். குளிரோ, இருமலோ, இந்த ஜன்னலோரமே உட்கார்ந்து அவள் தாள் தாளாகக் கொடுக்க, படிக்கணும். இதை யாரிடம் சொல்வது? இந்த நோட்டுக்குச் சொன்னேன். போதும்.

பிப்ரவரி 26. சனி.

மூட்டை கட்டியாகிவிட்டது. டாக்ஸி வருவதற்குள் எழுதுகிறேன்.

ஜன்னலில் இன்று பனி படியவில்லை. வெறும் கண்ணாடி. விரலால் 'அ' போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் போட்டேன்.

வத்சலா என் கைப்பையில் ஒரு கட்டுத் தாளும், சின்னக் காகிதப் பொட்டலமும் வைத்தாள். தாள் ஆற்றின் மிச்சம். பிளேனில் ஏறிய பிறகுதான் பிரிக்க வேண்டுமாம். இனிமேல் எழுத எழுதத் தபாலில் வரும், நிறுத்தின வரிகளை நான் எழுதி அனுப்ப வேண்டும். பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். துவரம்பருப்பு.

"இது சாம்பாருக்கு இல்ல மாமா. ரெண்டு பேருக்கும் சேத்து வெச்சிருக்கேன்."

"மெட்ராஸுக்கா பருப்பு கொண்டு போறது? கஸ்டம்ஸ்ல சிரிப்பாங்க" என்றான் ரவி. சொல்லிக்கொண்டே பொட்டலத்தை என் பையிலிருந்து எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.