இருபதுக்கு ஒன்று

மார்ச் 4, சனி

எட்டு ரேஸ். எட்டிலும் என் குதிரை வரவில்லை. வழக்கம்போல், விகிதம் போடும் பலகையில் யாரும் சீண்டாத குதிரையாகப் பார்த்துத்தான் கட்டினேன். எல்லோரும் நம்பும் குதிரை தோற்றால் வலிக்கும். தோற்கும் என்று தெரிந்தே கட்டினால் வலிக்காது. பன்னிரண்டு வருடமாக வலிக்கவில்லை.

என் ரேஸ் கூட்டாளி கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். அவன் பெயரே பைனாகுலர்தான். இன்று அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "அண்ணே, போன வாரம் நீங்க கட்டுன குதிர இப்பத்தான் கடைசித் திருப்பத்துல தெரியுது" என்றான். சிரித்தேன் போலிருக்கிறது.

வீட்டில் பெண்டாட்டி வலது விலாவைப் பிடித்தபடி படுத்திருந்தாள். ஜெயித்தேனா என்று கேட்கவில்லை. கேட்பதை விட்டுப் பல வருடமாகிறது.

மார்ச் 9, வியாழன்

ஆஸ்பத்திரி. ஈரலில் கட்டி. இப்போது இருக்கும் அளவுக்கு அறுக்க முடியாதாம். ஒரு மருந்து இருக்கிறது, நான்கு தடவை ஏற்றவேண்டும், ஆளை உலுக்கி எடுத்துவிடும். "இருபது பேருக்குக் குடுத்தா ஒருத்தருக்குக் கேக்கும். வேண்டாம்னா வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் பேசும்போது நான் வெளியே லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஓடும் தண்டவாளத்தில் எண்ணெய் இல்லை. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக், காது அங்கேதான் போகிறது. பெண்டாட்டிக்கு இப்படிச் சொல்றாங்க, எனக்கு லிஃப்ட். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 10, வெள்ளி

இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மார்ச் 12, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, இருபதுக்கு ஒண்ணுன்னா நீங்க கட்டுவீங்களா?"

"கட்டுவேன்."

"நீங்கதான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்லையே."

ரேஸ் என்றாலே எரிந்து விழுகிறவள், முதன்முதலாக என்னிடம் ரேஸைப் பற்றிக் கேட்கிறாள். நானும் பெரிய ஆள் மாதிரி, "ஓடாம நின்னுட்டா அந்த ஒண்ணும் இல்ல" என்றேன். மடித்த சேலையை அடுக்கில் வைத்தாள். "சரி, ஓடிப் பாக்கறேன்."

மார்ச் 16, வியாழன்

முதல் தடவை ஏற்றினார்கள். ஒரே வாந்தி.

மார்ச் 18, சனி

அவள்தான் விரட்டினாள். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எதிர்ல உக்காராதீங்க. தங்கச்சி வந்திருக்கா, பாத்துக்குவா. போய் உங்க நொண்டிக் குதிரைங்களப் பாத்துட்டு வாங்க."

ஐந்தாவது ரேஸ். பலகையில் ஐம்பதுக்கு ஒன்று இருந்தது, ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு ஐம்பது; நாற்பதும் இருந்தது. என் கண் இருபதில் போய் நின்றது. பதினொன்றாம் நம்பர். எப்போதும்போல ஐம்பதைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

ஜெயித்துவிட்டது. பைனாகுலர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். "பன்னெண்டு வருஷம்ணே!" என்று அவன்தான் அழுதான்.

நான் அவனை விலக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தேன். இருபதுல ஒண்ணு. எங்களுக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதான்னா? அதக் கொண்டாந்து ஒரு குதிரைக்குக் குடுத்துட்டனே— யாரு கட்டச் சொன்னது?

டிக்கெட்டை மாற்றவில்லை. பணத்தை வாங்காவிட்டால் ஜெயித்ததாக ஆகாது. கிறுக்குத்தனம் என்று தெரிகிறது. நீலச் சட்டைப் பையிலேயே வைத்து, சட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். இனி அதைப் போடமாட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

பைனாகுலர் போன் செய்தான். "டிக்கெட்ட மாத்திட்டீங்களாண்ணே? முப்பது நாள்தான் டைம்." மாற்றிவிட்டேன் என்றேன். லிஃப்ட் பள்ளத்துக்குள் நின்று பொய் சொன்னால் அது திரும்பக் கேட்கிறது.

ஏப்ரல் 17, திங்கள்

முப்பது நாள் முடிந்தது. போகவில்லை.

ஏப்ரல் 28, வெள்ளி

மூன்றாவது தடவை. சீப்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கெதுக்கு, நீ வச்சுக்க." நான் போய் மூன்று டீ வாங்கி வந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "கேட்டிருக்கு. பாதிக்குமேல சுருங்கிடுச்சு. இப்ப அறுத்து எடுத்துடலாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சொன்னார். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. தலையாட்டினேன். அந்த லிஃப்டுக்கு இன்னும் யாரும் எண்ணெய் போடவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். படுத்திருடி என்றால் கேட்கிறாளா? அழுக்குத் துணி பொறுக்கக் கிளம்பிவிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்த நீலச் சட்டையை எடுத்து, அவள் வழக்கப்படி பையைத் துழாவி டிக்கெட்டை எடுத்தாள்.

"இது ஜெயிச்சதா?"

"ம்."

"எத்தனைக்கு?"

"இருபதுக்கு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

டிக்கெட்டிலிருந்த தேதியைப் பார்த்தாள். மார்ச் பதினெட்டு, மொத மருந்து ஏத்தி ரெண்டு நாள் என்று முணுமுணுத்தபடி விரல் மடக்கினாள். மடக்கிய விரல் அப்படியே நின்றது. முளைக்கத் தொடங்கியிருந்த தலைமுடியைத் தடவிக்கொண்டாள்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவ. அதையும் விட்டுட்டு வந்திருக்கீங்க."

டிக்கெட்டைத் தன் ஆஸ்பத்திரி ஃபைலில் செருகிவிட்டு, சட்டையை மெஷினில் போட்டாள். "உங்களுக்கு ரேஸே தெரியாதுங்க" என்றாள்.

அப்போதுதான் அழுதேன்.