சித்தப்பா குடிக்காத பாத்திரம்

ஜூன் 2, ஞாயிறு

சித்தப்பா ஆலயத்துக்கு வந்தார். குடிமீட்பு மையத்திலிருந்து வெளியே வந்தபின் இதுதான் முதல் முறை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே இருந்த குடும்பம் காற்று வரவில்லை என்பதுபோல் எழுந்து முன்னால் நகர்ந்தது. நல்ல நாகரிகம்.

திருவிருந்தில் அப்பத்தை வாங்கிக்கொண்டார். ஒயின் பாத்திரம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் சற்று நின்று, அடுத்தவரிடம் போனார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள்: "நான் செஞ்சதுன்னு தெரிஞ்சுதான் வாய் வைக்கல. திமிரு."

சபைத் திருவிருந்துக்கு ஒயின் செய்வது அத்தைதான். ஜாடிகள் புளிப்பது என் கட்டிலுக்கு அடியில். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி சொல்வது: "உன் பக்கத்துல நின்னாலே போதையில கண்ணு மங்குதும்மா."

ஜூன் 4

அப்பாவின் அடக்கத்தன்று சித்தப்பா குடித்துவிட்டு வந்து குழியோரத்தில் விழுந்தார். பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதை மன்னிக்கவில்லை. நான்? தெரியவில்லை. விழுந்தபடியே "அண்ணே" என்று கூப்பிட்டாரே, அது காதில் இருக்கிறது.

மாலை ஜெபத்தில் அத்தை ஒவ்வொருவராகச் சொல்லி வேண்டுவாள். மாடிவீட்டுப் பூனைக்கும் ஒரு வரி உண்டு. கூடப்பிறந்த தம்பி சித்தப்பாவுக்கு இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

இந்த மாதத் திருவிருந்திலும் சித்தப்பா தலை குனிந்தது. வெளியே வந்ததும் பாடகர் குழு அக்கா யாரிடமோ: "இன்னும் விட்டிருக்க மாட்டாரு. அதான் பாத்திரத்தைத் தொட பயம்."

அவருக்குக் கேட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே போய்விட்டார்.

ஜூலை 9

சலவைக்கடைக்குப் போனேன். இஸ்திரி நீராவிக்குப் பின்னால் சித்தப்பா.

"உக்காரு மகளே. அழுக்கு மூட்டைதான், பரவாயில்ல, உன் ரூமைவிட சுத்தம்."

திருவிருந்தில் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன்.

"பாத்திரம் கிட்ட வரும்போதே வாசனை வந்துரும்மா. ஒரு வாய் போதும், அங்கிருந்து நேரா சாராயக்கடைதான். உங்க அத்தை கைப்பக்குவம் அப்படி."

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இனி ஆலயத்துக்கு வெளியிலேயே நின்றுகொள்வாராம். "என்னால அக்காவுக்கு அவமானம் வேணாம்."

ஜூலை 10

அத்தையிடம் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்காமல்.

"அவருக்கு உங்க மேல கோவம் இல்ல அத்தை. உங்க ஒயினைப் பாத்துதான் பயம்."

கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். அப்புறம் ஆமென். இன்று பூனைக்கும் இல்லை.

ஜூலை 20

ஜாடிகளைக் காணோம். பின்வாசல் சாக்கடை திராட்சை மணக்கிறது.

அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். இனி புளிக்காத சாறுதான், எல்லோருக்கும் என்றாள். தம்பிக்கு மட்டும் தனிக் குவளை வைக்கலாமே என்றார் போதகர்.

"ஒருத்தனுக்கு மட்டும் தனியா குடுத்தா அது விருந்து இல்லீங்க ஐயா. மருந்து."

இது அத்தையா?

ஆகஸ்ட் 3, சனி

சாற்றை வைத்திருந்தால் புளித்துவிடும். முந்தின நாள்தான் காய்ச்ச வேண்டும். அத்தையின் கை முழுக்க ஊதா. என் சட்டையும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சித்தப்பா சொன்னபடியே வெளியில், மரத்தடியில். திருவிருந்துக்கு முந்தின பாட்டின் நடுவில் அத்தை முன்வரிசையிலிருந்து எழுந்தாள். எல்லோர் தலையும் திரும்பியது. நான் பின்னால் ஓடினேன்.

"வாடா. எனக்கு முட்டி வலி. மண்டி போட ஒரு கை வேணும்."

"அக்கா... அந்த வாசனை..."

"இல்லடா. எல்லாத்தையும் கொட்டிட்டேன். இது வெறும் சாறு. நேத்து காச்சினது."

அவர் அழுதார். அத்தை அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூடத்துக்கு விடுவதுபோல.

அவர் குடித்தார். போதகர் விளிம்பைத் துடைக்குமுன் அத்தை பாத்திரத்தைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, சனி

சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்துத் திராட்சை உதிர்க்கிறோம். பாடகர் குழு அக்கா வடிகட்டும் துணியோடு வந்தார். கொஞ்சம் நின்றார். பிறகு சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தார். சித்தப்பா நகர்ந்து இடம் விட்டார்.

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இப்போது சண்டை. சின்ன வயதில் அப்பா திராட்சைக் கொட்டையை விழுங்குவாரா, துப்புவாரா? எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பேசட்டும்.