விலக்கில் மாட்டியிருக்கும் என் முகம்

ஏப்ரல் 21, 2025

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் என் முகத்தை மாட்டியிருக்கிறார்கள். விறகுக்குப் பருத்திமார் ஏற்றிக்கொண்டு வந்த அப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நிழற்குடைக்கு மேலே எங்கள் கல்லூரியின் பிளெக்ஸ், இரண்டாவது வரிசையில் நான். 'சி. செல்வலட்சுமி, பி.எஸ்சி. கணினி அறிவியல். சென்னை மென்பொருள் நிறுவனத்தில் பணி.' கையில் ஓர் உறை.

அந்த உறைக்குள் ஒன்றும் கிடையாது. மார்ச் மாதம் சென்னையிலிருந்து இருவர் வந்து தேர்வு வைத்தார்கள், முடிவு பிறகு வரும் என்று போய்விட்டார்கள். மறுநாளே துறைத் தலைவர் ஜெயகிருஷ்ணன் சார் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். இருந்தது ஒரே கோட்டு. முன்னால் நின்றவளின் வியர்வையோடு அது என்னிடம் வந்தது. வெறும் உறையைக் கையில் கொடுத்து, கடிதம் மெயிலில் வந்துவிடும், சும்மா சிரிங்க என்றார். சிரித்தேன். நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

மெயில் பார்த்தேன். இல்லை.

மே 3

அம்மா ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இன்று அவளை உட்காரவைத்து, வேலை கிடைக்கவில்லை, அது பொய் என்று சொன்னேன். "அம்புட்டுப் பெருசா பிளெக்ஸ் வச்சிட்டு பொய்யா சொல்லுவாவ?" என்றாள்.

மே 9

பக்கத்து வீட்டு மாரிசெல்வி பிளஸ் டூவில் நல்ல மார்க். அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும். ஆனால் அவள் அம்மா வெயிலம்மாள் அத்தை, "எங்க அக்கா படிச்ச காலேசுதான்" என்று மகளைச் சொல்லச் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அக்கா நான்தான்.

மே 14

ஜெயகிருஷ்ணன் சார் காரில் வந்தார். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் சம்பளம் நிற்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் கலர் குடித்துவிட்டு, ஒரு எட்டு வாம்மா என்று என்னை அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் கடிதம் பற்றிக் கேட்டேன். பிராசஸில் இருக்கிறதாம். அதே மூச்சில், "டி.சி. வாங்க எப்பம்மா வாரே?" என்றார், சிரித்துக்கொண்டே.

புரிந்தது. வாயைத் திறந்தால் டி.சி. வராது. அத்தை வீட்டில், சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்க நிறுத்திய மாடு மாதிரி நின்றேன். மாரிசெல்விக்கு ஒரு பையும் பேனாவும் கொடுத்தார். ஜூன் நான்காம் தேதி வந்து சேர்ந்துவிடச் சொன்னார்.

மே 16

டி.சி. போனால் போகட்டும் என்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் வருசம் பஸ் இலவசம் என்பார்கள், இரண்டாம் வருசத்திலிருந்து பஸ், லேப், பரீட்சை, விழா என்று உரிப்பார்கள். லேப்பில் பாதிக் கம்ப்யூட்டருக்கு உயிர் கிடையாது. எனக்காக ஓடைக்கரையில் ஒரு குறுக்கம் நிலம் விலைபோனது அத்தைக்கே தெரியும். எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக்கூட இன்னும் வேலை இல்லை. மாரிசெல்வியை அரசுக் கல்லூரியில் சேருங்கள் என்று கெஞ்சினேன்.

அத்தை உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ மட்டும் மேல வந்தாப் போதும்னு நெனைக்கியாட்டி?"

மே 17

படம் சொன்னதை நம்புகிறார்கள். படத்தில் இருக்கிறவள் வாயால் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். என்ன ஊர் இது — எரிச்சலாக வருது, அழுகையும் வருது.

மே 29

ஒரே வழிதான் தெரிகிறது. புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி வேன் தினமும் காலையில் எங்கள் விலக்கில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அதில் ஏறப்போகிறேன். ஊர் பார்க்க, அத்தை பார்க்க. சென்னையில் வேலை உள்ளவள் சட்டையில் நூல் பிசிறு வெட்டப் போவாளா? அதைப் பார்த்தாவது நம்புவார்கள் அல்லவா?

அம்மா அழுதாள். போவதென்றால் போ, அடுத்த விலக்கில் போய் ஏறு என்றாள். அடுத்த விலக்கில் ஏறினால் யாருக்குத் தெரியும்? மாரிசெல்வி நான்காம் தேதி சேரப்போகிறாள். அதற்குள் தெரியவேண்டும்.

ஜூன் 2

ஏறிவிட்டேன். என் படத்துக்கு நேர் கீழே நின்று, தூக்குவாளியோடு. டீக்கடையில் பேச்சு நின்றது. கோவில்பட்டி பஸ்ஸுக்காக அத்தையும் மாரிசெல்வியும் அங்கேதான் நின்றார்கள். அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வேன் கிளம்பியபோது வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் நிம்மதி. இனிமேல் யாரும் என்னிடம் சாட்சி கேட்கமாட்டார்கள்.

ஜூன் 5

கத்தரி பிடித்துப் பிடித்துப் பெருவிரல் கொப்புளித்துவிட்டது. நேற்று அத்தை வீடு பூட்டியிருந்ததாம். எங்கே போனார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அல்லது சொல்லவில்லை.

ஜூன் 23

இன்று கல்லூரி திறப்பு. எங்கள் வேனுக்கு முன்னால் கல்லூரி பஸ் வந்து நின்றது. மாரிசெல்வி புதுச் சுடிதாரில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? நானும் கையாட்டினேன்.

அத்தை ஜன்னலுக்குக் கீழே நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே மகளிடம் சொன்னாள்.

"அக்காவுக்குக் கெடச்ச வேலைய வச்சுக்கிடத் தெரியல. நீ அப்படி விட்டுராத, என்ன."

மாரிசெல்வி சரியென்று தலையாட்டினாள்.